48 வினாடிப் படத்துக்கு ஒரு மொட்டை மாடி ரிலீஸ்: குழந்தையின் முதல் அனிமேஷன் படத்துக்கு மாமா, அத்தைகள் செய்ய வேண்டியவை

என் அக்கா மகள் நான்காம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் ஒரு படம் எடுத்தாள். ஓடும் நேரம் 48 வினாடி. நடித்தவர்கள் பழைய கேரம் போர்டின் ரெட் காய், நான்கு வெள்ளைக் காய்கள், ஒரு ஸ்ட்ரைக்கர். வடசென்னையின் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் தாத்தாவின் வேட்டியைத் திரையாகக் கட்டி, 34 பேர் பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தோம். தாய்மாமன் என்ற முறையில் தாம்பாளத்தில் சீர் வைத்தேன். காது குத்தும்போது என் மடியில் உட்கார்ந்து அழுத பிள்ளை, அன்று திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "லைட்ட ஆஃப் பண்ணுங்க" என்று எல்லாருக்கும் உத்தரவு போட்டது.

அன்றிலிருந்து சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படிச் செய்யணும், எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். படம் எடுக்கப் பிள்ளைக்கு எதில் துணை நிற்பது, எங்கே கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவது, எடுத்து முடித்த படத்தை எப்படிக் கொண்டாடுவது என்று எல்லாவற்றையும் நாங்கள் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

செலவு அதிகமில்லை. கேமரா உள்ள ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன், நாலடி நீள ரீப்பர் கட்டை ஒன்று, தண்ணீர் நிரம்பிய இரண்டு 20 லிட்டர் கேன்கள், ஒரே மாதிரியான இரண்டு எல்.இ.டி. பல்புகள், பசை, கத்தரிக்கோல், ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு. இவ்வளவுதான். நேரம்தான் நிறைய வேண்டும். எங்களுக்கு 11 நாள் ஆனது.

கதை

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமாவும் இந்தப் பக்கத்துப் பெண்கள்தான். எங்கள் வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் ஒரு போர்டு எப்போதும் கிடக்கும். ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்தபோது நான் ரெட்டைக் குழியில் போட்டேன். ரெட்டைப் போட்டால் உடனே சொந்தக் காய் ஒன்றையும் போட வேண்டும், அதற்குப் பெயர் ஃபாலோ. போடத் தவறினால் ரெட் திரும்ப நடுவுக்கு வந்துவிடும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் அன்று குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "மாமா, ரெட்டு மட்டும் தனியா இருட்டுல கிடக்குது. அதுக்குப் பயமா இருக்காதா? அதுக்குத்தான் இன்னொரு காய் கூடப் போவுதா?"

இத்தனை வருஷமாக ஆடுகிறேன், எனக்கு இப்படித் தோன்றியதே இல்லை. "இதையே படமா எடுக்கலாமா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் என் பங்கு. தலைப்பும் அவள் வைத்ததுதான்: 'ஃபாலோ'.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் ஒரு நாளைக்கு இப்படி நாலு கேள்வி கேட்கும். அதைக் காதில் வாங்கிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "நீதிக் கதை எடு", "மரம் நடுவதைப் பற்றி எடு" என்று நாம் தலைப்புக் கொடுத்தால் பிள்ளை நமக்காகச் செய்யும், மூன்றாம் நாள் சலித்துவிடும். கேள்வி பிள்ளையுடையது என்றால் 11 நாளும் தாங்கும்.

கதை கிடைத்ததும் அதைச் சின்னதாக்க உதவுங்கள். ஒரே இடம், இரண்டு முக்கியப் பாத்திரம், ஒரே ஒரு சிக்கல், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை நீளம். மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டுக் கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன நடக்கிறது என்று பிள்ளையே வரையட்டும். எங்கள் ஆறு கட்டம் இப்படி இருந்தது: காய்கள் கூட்டமாக இருக்கின்றன, ஸ்ட்ரைக்கர் வருகிறது, எல்லாம் சிதறுகின்றன, ரெட் குழியின் விளிம்பில் தயங்கி நின்று விழுகிறது, இருட்டில் தனியாக அழுகிறது, ஒரு வெள்ளைக் காய் தானாகவே வந்து குதிக்கிறது. அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினோம். படம் முடியும்வரை அதைப் பார்த்துத்தான் வேலை நடந்தது.

கேரம் காய் தட்டையானது, கீழே சாயாது, அதனால் முதல் படத்துக்கு மிக நல்லது. களிமண் பொம்மை அழகாக இருக்கும், ஆனால் கோடைச் சூட்டில் குழைந்து வளையும். காகிதத்தில் வெட்டிய உருவங்களும் சுலபம்தான். உங்கள் பிள்ளைக்குக் கதையில் மீன் வேண்டுமென்றால் சார்ட் பேப்பரில் வெட்டித் தரையில் வைத்து நகர்த்தலாம். நின்று நடக்கும் பொம்மைகளை மட்டும் இரண்டாவது படத்துக்குத் தள்ளி வையுங்கள்.

போனைத் தொடும் முன் ஒரு நோட்டு

படம் எப்படி அசைகிறது என்று பிள்ளை தன் கையால் செய்து பார்த்துவிட்டால் மீதியெல்லாம் எளிது. கோடு போடாத பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஓரத்தில் ஒவ்வொரு தாளிலும் ஒரு பந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கி வரையச் சொல்லுங்கள். 20 தாள் போதும். கட்டைவிரலால் சரசரவென்று புரட்டினால் பந்து விழும். ஒவ்வொன்றும் அசையாத படம்தான். அடுத்தடுத்து வேகமாக வரும்போது மூளை நடுவிலுள்ள இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்கிறது. காயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ எடுத்து ஓட்டினாலும் இதேதான்; அதற்குப் பெயர் ஸ்டாப் மோஷன்.

இந்த வித்தைக்கு நம் நாட்டிலேயே பழைய கதை உண்டு. 1913இல் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை வெளியிட்ட தாதாசாகேப் பால்கே, அதற்கு முன்னால் வீட்டில் பட்டாணி முளைத்துச் செடியாவதை ஒவ்வொரு பிரேமாக, அதாவது அசையாத தனித்தனிப் படமாகப் பிடித்து, சில நொடியில் வளர்வது போல ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அவருடைய படத்துக்குப் பணம் கிடைத்தது. இதை என் மருமகளிடம் சொன்னேன். "அவரும் வீட்லயேதான் எடுத்தாரா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

தியேட்டரில் வினாடிக்கு 24 பிரேம் ஓடும். வீட்டுக்கு 10 போதும். 12 வைத்தால் அசைவு இன்னும் வழவழப்பாக இருக்கும், ஆனால் ஒரு நிமிடத்துக்கு 720 போட்டோ எடுக்க வேண்டும். 10 என்றால் 600. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த 120 பெரிய வித்தியாசம். எங்கள் 48 வினாடிக்கு 480 பிரேம். அதில் தலைப்பு 3 வினாடியும் 'நன்றி' அட்டை 4 வினாடியும் அசையாமல் நிற்பவை, தலா ஒரே போட்டோவை நீட்டிவிட்டோம். ஆக எடுத்த போட்டோ மொத்தம் 412.

போர்டு, கட்டை, விளக்கு

போர்டைத் தரையில் வையுங்கள். அதன் இரு பக்கமும் தண்ணீர் கேன்களை நிறுத்தி, குறுக்கே ரீப்பர் கட்டையைப் போடுங்கள். கட்டை அசையாமலிருக்க இரு முனையிலும் கேனோடு சேர்த்துத் துணிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். கேன் காலியாக இருக்கக் கூடாது, யாராவது உரசினாலே நகரும். போனைக் கட்டையின் மேல் படுக்க வைத்து, கேமரா கண் மட்டும் விளிம்புக்கு வெளியே வருமாறு ரப்பர் பேண்டும் டேப்பும் போட்டு இறுக்குங்கள். ஒன்றரை அடி உயரத்திலிருந்து போர்டு முழுவதும் தெரியாது, ஏறக்குறைய பாதிதான் வரும். அது நல்லதுக்குத்தான். ஒரு மூலைக் குழியும் நடு வட்டமும் தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்; காய்களும் பெரிதாகத் தெரியும்.

விளக்கில் அவசரப்படாதீர்கள். முதல் நாள் நாங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தோம். ஓட்டிப் பார்த்தால் படம் முழுக்க மின்னியது, மேகம் வந்து போனதெல்லாம் அதில் பதிவாகியிருந்தது. அன்றைய 30 போட்டோவும் வீண். அதிலிருந்து இரவு எட்டு மணிக்கு மேல், ஜன்னலை மூடித் திரையையும் இழுத்துவிட்டுத்தான் எடுத்தோம். பல்பு இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள் என்றால் காயின் ஒரு பக்கம் நீலம் பூத்தது போலத் தெரியும். பல்பை நேர் மேலே வைக்காதீர்கள், போர்டின் பளபளப்பில் வெள்ளை வட்டமாகப் பிரதிபலிக்கும். இரு பக்கமும் தாழ்வாக, சாய்வாக வைத்து, முன்னால் பட்டர் பேப்பரைத் தொங்கவிட்டால் நிழல் மென்மையாகிவிடும். பேப்பர் பல்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். மே மாதத்துச் சென்னையில் இது லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் விசிறி இறக்கையின் நிழலும் காற்றும் சேர்ந்து படத்தைக் கெடுத்துவிடும். நாங்கள் 20 நிமிடம் எடுப்போம், 10 நிமிடம் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மோர் குடிப்போம், மறுபடி 20 நிமிடம். ஒரு இரவில் சுமார் 45 போட்டோ. அதற்கு மேல் பிள்ளையைப் பிடித்து வைக்காதீர்கள். கண் சொக்கும்போது காய் தவறும். மறுநாள் உட்கார மனசு வராது.

சட்டை விஷயம் ஒன்று: வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போர்டின் பக்கத்தில் குனிந்தால் அதிலிருந்து வெளிச்சம் தெறித்துப் போட்டோவுக்குப் போட்டோ மாறும். இருவரும் அடர் நிறத் துணி போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு க்ளிக்குக்கும் ஒரே இடத்தில் உட்காருங்கள்.

நடிகர்களுக்கு முகம்

காய்க்குக் கண் வைத்தது என் அக்காவின் பொட்டு அட்டைதான். வெள்ளைக் காயில் சின்னக் கறுப்புப் பொட்டு இரண்டு ஒட்டினால் முகம் வந்துவிடுகிறது. ரெட்டுக்கு, பஞ்சிங் மெஷினில் விழும் வெள்ளைத் துணுக்கை ஒட்டி அதன் மேல் பொட்டு. பொட்டைக் குழி இருக்கும் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் ரெட் குழியைப் பார்க்கிறது. வாய்க்குக் கறுப்பு நூல் துண்டு. கீழே வளைத்தால் அழுகை, மேலே வளைத்தால் சிரிப்பு. இதை அவள் கண்டுபிடித்த இரவு தூங்கவேயில்லை.

பவுடர் போடாதீர்கள். போட்டால் மூச்சுக் காற்றுக்கே காய் வழுக்கும். கேரமுக்குப் போடும் போரிக் பவுடர் வாய்க்குள் போகவும் கூடாது, அதனால் பழைய பவுடரைத் துணியால் துடைத்துவிட்டு, பிள்ளையின் கையையும் கழுவச் சொல்லுங்கள்.

ஷூட்டிங்

போனில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ போன்ற செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், இலவசப் பதிப்பே போதும். அதில் முக்கியமான வசதி, முந்தைய போட்டோவின் மங்கலான சாயல் திரையில் தெரிவது. காய் கடைசியாக எங்கே இருந்தது, இப்போது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ளலாம். ஏரோபிளேன் மோடு போட்டுவிடுங்கள். ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பல போன்களில் திரையில் ஓரிடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும். பூட்டாவிட்டால் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

போனைத் தொட்டு எடுத்தால் கட்டை ஆடும். ஒயர் இயர்போனில் ஒலி கூட்டும் பொத்தான் பல போன்களில் க்ளிக் பொத்தானாகவும் வேலை செய்யும். எங்களுக்கு அதுதான் உதவியது. வேலையையும் பிரித்துக்கொண்டோம். காய்களைத் தொடுவது அவள் மட்டும். பொத்தானை அழுத்துவது நான் மட்டும்.

"கை?"

"எடுத்தாச்சு."

க்ளிக்.

இப்படி 412 முறை.

எவ்வளவு நகர்த்துவது என்பதுதான் மொத்த வித்தையும். கேரம் காயின் அகலம் சுமார் 3 செ.மீ. ஒரு பிரேமுக்குக் கால் காய் அகலம் நகர்த்தினால் காய் நடந்து போகிறது, அரைக் காய் அகலம் நகர்த்தினால் ஓடுகிறது. வினாடிக்கு 10 பிரேமில் அரைக் காய் என்றால் ஒரு வினாடிக்கு 15 செ.மீ.; சுமார் 74 செ.மீ. அகலமுள்ள போர்டை ஐந்து வினாடியில் கடந்துவிடும். இந்தக் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். பின்னம் என்றாலே முகம் சுளிப்பவள் அன்றிலிருந்து "மாமா, இங்க கால் காய் போதும்" என்று பேச ஆரம்பித்தாள்.

ஆனால் எல்லாப் பிரேமிலும் ஒரே அளவு நகர்த்தினால் உயிர் இருக்காது. கிளம்பும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் மெல்ல நகரும், நடுவில் வேகம் பிடிக்கும், ஸ்டாப்பிங் வரும்போது மெல்ல நிற்கும். காயும் அப்படித்தான்: முதல் இரண்டு பிரேம் ஒரு அரிசி அகலம், பிறகு கால் காய், பிறகு அரைக் காய், திரும்பக் கால் காய், அரிசி அகலம், நிற்பது. வேகமாகப் பாயும் முன் ஒரு பிரேம் பின்னால் இழுக்க வேண்டும். புலி பதுங்குவது பாயத்தான் என்பார்களே, அதுதான். ஸ்ட்ரைக்கர் அடிக்கும் முன் இரண்டு பிரேம் பின்வாங்குகிறது. திரையில் அது வந்தபோது மாடியில் பையன்கள் "அடிரா!" என்று கத்தினார்கள்.

நிறுத்தமும் நகர்வு போலவே முக்கியம். ரெட் குழி விளிம்பில் வந்து விழாமல் 12 பிரேம் நிற்கிறது. அந்த 12இலும் கண் பொட்டு மட்டும் ஒரு முறை குழியையும் ஒரு முறை கூட்டத்தையும் பார்க்கிறது. எனக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

குழிக்குள் நடக்கும் காட்சிக்குத் தனி இடம் வேண்டியிருந்தது. கறுப்பு சார்ட்டைத் தரையில் விரித்தோம். காசிமேட்டில் வலை பின்னும் தாத்தா, கிழிந்த வலையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். கேரம் குழிக்கு அடியிலும் வலைதானே இருக்கிறது! பல்புகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்ததும் வலையின் நிழல் ரெட்டின் மேல் கட்டம் கட்டமாக விழுந்தது. தாத்தா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ராத்திரியில கடல்ல வலைய இழுக்கறப்ப இப்படித்தான் இருக்கும்" என்றார்.

நான் செய்த தவறு

இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏழாம் நாள் அவள் தூங்கப் போன பிறகு, எடுத்ததை ஓட்டிப் பார்த்தேன். காய்கள் சிதறும் இடத்தில் அவளுடைய விரல் மூன்று பிரேமில் வந்திருந்தது. ஒரு வெள்ளைக் காய் துள்ளித் துள்ளி நகர்ந்தது. நல்லதுதானே செய்கிறோம் என்று விரல் வந்த பிரேம்களை நீக்கி, அந்தக் காயை நானே நகர்த்தி ஐந்து பிரேம் புதிதாக எடுத்துச் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள். "இது நான் பண்ணது இல்ல" என்றாள். சத்தம் போடவில்லை. போர்டை விட்டு எழுந்து போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அன்று ஷூட்டிங் இல்லை. பிறகுதான் சொன்னாள், அந்தக் காய்தான் கடைசியில் ரெட்டுக்குத் துணையாகக் குதிக்கப் போகிற காயாம். அதற்கு நொண்டிக் கால், அதனால்தான் துள்ளுகிறது. விரலைப் பற்றிக் கேட்டால், "அது ஆடுறவங்க கை மாமா, இருக்கட்டும்."

மன்னிப்புக் கேட்டேன். நல்ல வேளை, செயலியில் நீக்கியிருந்தாலும் பழைய போட்டோக்களை முந்தின இரவே கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருந்தேன். எடுத்துத் திரும்பச் சேர்த்தோம். அந்த நொண்டிக் காய் இல்லாத 'ஃபாலோ'வை இப்போது என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆகவே, பிள்ளை இல்லாத நேரத்தில் படத்தைத் திறக்காதீர்கள். தவறு என்று உங்களுக்குப் பட்டால் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்தக் காய் ஏன் இப்படிப் போகுது?" பதில் இருந்தால் அது தவறில்லை. "ஐயோ, கவனிக்கலயே" என்றால் பிள்ளையே திருத்தட்டும்.

சத்தம்

படத்தை முடித்த பிறகு சத்தம் சேர்ப்பது சுலபம். எங்கள் பக்கம் கன்டெய்னர் லாரி ஹாரன் இரவிலும் ஓயாது. விடிகாலை நாலரைக்கு எழுந்து, இரண்டு போர்வையை நாற்காலிகள் மேல் போட்டுக் கூடாரம் மாதிரி ஆக்கி, உள்ளே உட்கார்ந்து பதிவு செய்தோம். காய் மோதும் சத்தமும் குழிக்குள் விழும் சத்தமும் அதே போர்டில் அடித்து எடுத்தவை. ரெட்டின் அழுகை அவளுடைய குரல். வசனம் ஒன்றே ஒன்று, நொண்டிக் காய் சொல்வது: "நானும் வந்துட்டேன்." அதைப் பேசியது பாட்டி. நான்கு முறை பேசினார், நான்காவதுதான் இயக்குநருக்குப் பிடித்தது.

இசைக்கு சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். பின்னால் இணையத்தில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும், பிள்ளையின் படத்தில் இன்னொருவர் பாட்டுத்தான் மனசில் நிற்கும். கானா பிறந்த மண் இது, தாளத்துக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுப் பையன் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு ஒரு நிமிடம் தட்டிக் கொடுத்தான். அதுவே பின்னணி இசை.

கடைசி அட்டையில் உதவிய எல்லார் பெயரும் வர வேண்டும், பிள்ளையின் கையெழுத்திலேயே. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். எங்கள் அட்டையில் தாத்தாவுக்கு 'வலை' என்று போட்டிருந்தது.

ரிலீஸ்

என்னைப் பொறுத்தவரை இதுதான் உறவினர்களின் உண்மையான வேலை. படம் முடிந்ததும் போனில் காட்டிவிட்டு "சூப்பர்டா கண்ணு" என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 11 நாள் உழைப்புக்கு ஒரு நாள் குறித்து, அழைப்பு வைத்து, இருட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நாள் குறிப்பது பிள்ளைதான். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். கோடையில் சென்னையில் ஆறரையை ஒட்டிச் சூரியன் மறைந்தாலும் ஏழேகால் வரை வானத்தில் வெளிச்சம் இருக்கும். ஆகவே காட்சி நேரம் 7.30.

போஸ்டரை சார்ட்டில் பிள்ளையே வரையட்டும். மாடிப்படியிலும் வீட்டு வாசலிலும் ஒட்டினால் போதும். டிக்கெட்டும் கையால் எழுதியதுதான். டூரிங் டாக்கீஸ் காலத்துத் தரை டிக்கெட், பெஞ்ச் டிக்கெட் பற்றிப் பாட்டி சொன்னதைக் கேட்டு, 'தரை', 'பெஞ்சு', 'சேர்' என்று மூன்று வகை போட்டாள். சேர் டிக்கெட் முட்டி வலி உள்ளவர்களுக்கு மட்டும். நானும் அக்காவும் தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் படம் பார்த்து வளர்ந்தவர்கள். 1967இல் திறந்த அந்தத் தியேட்டர் 2020இல் மூடப்பட்டது. டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுக்கும்போது அக்கா அதைத்தான் நினைத்தாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள்: ஒருவர் டிக்கெட் கிழிக்க, ஒருவர் டார்ச் அடித்து இடம் காட்ட.

திரைக்கு எட்டு முழ வேட்டி. இரண்டாக மடித்தால் சுமார் 1.8 மீட்டர் அகலம் வரும், இரட்டைத் துணியாதலால் வெளிச்சம் பின்னால் கசியாது. கஞ்சி போட்டு இஸ்திரி செய்துவிடுங்கள், சுருக்கம் இருந்தால் முகம் கோணும். வேட்டியின் கரை மேலும் கீழும் வருமாறு கட்டினால் சட்டம் போட்டது போல இருக்கும். எங்கள் பக்கம் மாலையில் கடல் காற்று தூக்கும். அதனால் கீழ் ஓரத்தில் ஒரு பி.வி.சி. பைப்பைக் கிளிப் போட்டுக் கோத்துவிட்டோம். புரொஜெக்டர் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும், தெரிந்தவர்களிடம் கேட்டாலும் கிடைக்கும். முந்தின இரவே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஒலிபெருக்கிக்கு ஒயர் போடுங்கள். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரலாம், காய் மோதி முடிந்த பிறகு 'டக்' என்றால் பிள்ளை துடித்துவிடும். புரொஜெக்டர் கிடைக்காவிட்டால் டிவியில் போடுங்கள், ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் போடுங்கள். மாடியில் கைப்பிடிச் சுவர் பக்கம் ஒரு பெரியவர் நிற்கட்டும். தரையில் ஓடும் ஒயரை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.

சாப்பிடச் சுண்டலும், கடையிலிருந்து வாங்கி வந்த அத்தோ என்ற பர்மா நூடுல்ஸும். வடசென்னையில் விருந்து என்றால் அத்தோ இல்லாமல் எப்படி?

சீர்த் தட்டில் நான் வைத்தது: புதுப் பாவாடை சட்டை, மாம்பழம், பூ, ஒரு சின்ன டிரைபாட், ஒரு பெரிய கோடு போடாத நோட்டு. பாட்டி கற்பூரம் காட்டினார். இயக்குநர் எழுந்து நின்று இரண்டு வாக்கியம் பேசினாள்: "இது ரெட்டோட கதை. யாரும் பேசக் கூடாது."

48 வினாடி என்பது கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். நம் ஊர் வழக்கமே இதற்குத் தீர்வு வைத்திருக்கிறது. படம் முடிந்ததும் "ஒன்ஸ் மோர்!" என்று நீங்கள்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும். எங்கள் மாடியில் அதற்குள் பத்துக் குரல் எழுந்துவிட்டது. இரண்டாம் முறை ஓட்டியபோதுதான் ஜனங்கள் நொண்டிக் காயைக் கவனித்தார்கள். பிறகு இடைவேளை விட்டு, ஷூட்டிங்கில் எடுத்த புகைப்படங்களைக் காட்டி, ரெட்டையும் நொண்டிக் காயையும் ஒரு தட்டில் வைத்து எல்லார் கையிலும் கொடுத்தோம். மூன்றாம் காட்சி அதற்குப் பிறகு. "நானும் வந்துட்டேன்" என்று பாட்டியின் குரல் வந்ததும் எதிர்வீட்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

முடிந்ததும் என்ன பேசுவது

பொதுவான பாராட்டைவிடக் குறிப்பான கேள்வி பிள்ளைக்கு இனிக்கும். "ரெட் விழறதுக்கு முன்னாடி திரும்பிப் பார்த்துச்சே, அது எப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். எந்த இடம் கஷ்டமாக இருந்தது, எதைத் திரும்ப எடுத்தாய் என்று கேளுங்கள். பதிலை முழுக்கக் கேளுங்கள், நடுவில் போனை எடுக்காதீர்கள். இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். அடுத்த படம் எப்போது என்று அன்றைக்கே நெருக்கவும் வேண்டாம்.

ஒரு உறவினர் பிள்ளையின் எதிரிலேயே, "இதெல்லாம் படிப்புக்கு ஆகுமா?" என்று கேட்டார். நான் அவருக்கு நிதானமாகச் சொன்னேன்: "ஒரு காயை நகர்த்தி, கை எடுத்து, சரியா இருக்கான்னு பார்த்து, அடுத்ததை நகர்த்தியிருக்கா. 412 தடவை. நடுவுல ஒரு நாள்கூட முடியலன்னு சொல்லல." இப்படி யாராவது கேட்டால் பிள்ளையின் காதில் விழும்படி அங்கேயே பதில் சொல்லிவிடுங்கள்.

பத்திரப்படுத்துவது

முடிந்த படத்தை மட்டும் வைத்துக்கொள்ளாமல், எல்லாப் போட்டோக்களையும் சேர்த்து மூன்று இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, வேறு ஒருவர் வீட்டில் ஒன்று. காலண்டர் தாளையும் காய்களையும் ஒரு டப்பாவில் போட்டுத் தேதி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. யூடியூபில் போடுவதானால் பெற்றோர் கணக்கில், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் முறையில் போடுங்கள். பிள்ளையின் முழுப் பெயர், பள்ளிச் சீருடை, தெருப் பெயர் எதுவும் அதில் வேண்டாம். போடலாமா என்று பிள்ளையிடமும் கேளுங்கள். என் மருமகள் "மாடிக்கு வந்தவங்க மட்டும் பார்த்தா போதும்" என்றாள், அதனால் போடவில்லை.

வீட்டுப் பெரியவர்களின் போனில் படத்தை ஏற்றிக் கொடுக்கும்போது கேலரிக்குள் தேட விடாதீர்கள். இணையம் இல்லாவிட்டாலும் ஓடும்படி போனிலேயே சேமித்து, முகப்புத் திரையில், ஒரே தொடுதலில் திறக்கும்படி வைத்துக் கொடுங்கள். தாத்தாவின் போனில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். காசிமேட்டில் வலை பின்னும் இடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, போனை எடுக்கிறாராம். "இந்த வலை என்னுது" என்று அந்த இடம் வந்ததும் நிறுத்திக் காட்டுகிறாராம்.